வெள்ளை வண்டியின் நடு சீட்

எதற்கு இத்தனை தடவை சுற்றுகிறார்கள், சாமியா இது. முன்னால் அவிநாசியப்ப மாமா, வேட்டி நுனியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. இவருடைய தாய்மாமன், பாகம் பிரித்து வைக்க வந்திருக்கிற பெரிய மனுஷர். அவருக்குப் பின்னால் இவர், என் வீட்டுக்காரர் லோகநாதன், அண்ணன்காரர், பந்தியில் பாயசம் பத்தாமல் போன கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. கடைசியில் தம்பிக்காரன் தனசேகர், நடக்கும்போதே செல்லை நோண்டிக்கொண்டு. புதுசான கறுப்பு வண்டியைச் சுற்றி முடித்தாயிற்று, இப்போது நானும் என் மகள் மிருதுளாவும் இருக்கிற பழைய வெள்ளை வண்டியைச் சுற்றுகிறார்கள். மாமா டயரை உதைக்கிறார். உதைத்தால் என்ன தெரியும். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், இதற்குப் பல் இல்லை, அதனால் டயர். பானட்டை இரண்டு தட்டு தட்டுகிறார். உள்ளே இரண்டு உயிர் இருக்கிறதே, ஏம்மா நவமணி, வண்டி எப்படிம்மா என்று கண்ணாடியைத் தட்டி ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்க மாட்டார். வண்டி வந்த நாளிலிருந்து இதை அதிகம் ஓட்டினவள் நான், கோயமுத்தூருக்கு மிருதுளாவின் பயிற்சிக்கும் டாக்டருக்கும் வாரா வாரம் இதைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவள் நான், இதில் எந்தக் கதவை எவ்வளவு இழுத்தால் எங்கே நிற்கும் என்று இருட்டிலும் சொல்வேன். ஆனால் பாகப் பேச்சில் பொம்பளைக்கு வாய் கிடையாது. டீ போடுவதற்குத்தான் கை உண்டு. அதையும் இன்றைக்கு வித்யா போட்டுக்கொண்டிருக்கிறாள், தனசேகர் பெண்டாட்டி, உள்ளே. கொப்பரைக் களத்தின் சிமெண்டுத் தரை வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. உடைத்துக் காயப்போட்ட தேங்காய் எல்லாம் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து கிடக்கிறது. எண்ணெய் வாடை ஏசி வழியாக உள்ளே வருகிறது. மிருதுளா என் மடியில் தலையை வைத்து நடு சீட் முழுக்க நீட்டிப் படுத்திருக்கிறாள். பதினைந்து வயசு, என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். நிற்க மாட்டாள், உட்கார வைத்தால் சரிவாள், பேச்சு வரவில்லை. ஆனால் பிடித்ததும் பிடிக்காததும் முகத்தில் பளிச்சென்று தெரியும். இந்த இன்ஜின் அதிர்வு முதுகில் ஏறினால் அவளுக்குக் கொண்டாட்டம், ம்ம் ம்ம் என்று கூடவே பாடுவாள். பாடுகிறாள். பாடு கண்ணு, உன்னை வைத்துத்தான் வெளியே ஏலம் நடக்கிறது.

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிக்கிறபோது அண்ணன் பங்கு வைப்பான், தம்பி முதலில் எடுப்பான். வைக்கிறவன் ஏமாற்றக் கூடாது என்பதற்கு அந்த ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வால் உண்டு, பங்கு வைக்கிறவன் தனக்கு எது வேண்டும் என்று வாயைத் திறக்கக் கூடாது. அந்த வாலில்தான் என் கழுத்து மாட்டியிருக்கிறது. களம் பிரிந்தது, செக்கு பிரிந்தது, தோப்பு பிரிந்தது, எல்லாம் காலையிலேயே சண்டை இல்லாமல் முடிந்தது, ஊரே மெச்சுகிற அண்ணன் தம்பி. மிச்சம் இந்த இரண்டு வண்டி. நேற்று சமையல்கட்டில் வைத்து இவரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். ஏனுங்க, வெள்ளை வண்டி நமக்கு வேணுமுங்க, தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பங்கு வெக்கறவன் வாயத் தொறந்து கேக்கறதா, நல்லாருக்குதா நவமணி" என்றார். "நல்லா இல்லாட்டி போகுது, கேளுங்க." "கேட்டு வாங்குனதுன்னு பேரு வந்துரும். அவன் எப்படியும் புதுசத்தான் எடுப்பான், நீ கம்முனு இரு." நான் கம்மென்று இருந்தேன். எனக்கும் அதே கணக்குதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வித்யாவுக்குக் கறுப்பு வண்டி என்றால் உயிர். கூரையில் கண்ணாடி திறக்கிறதே, அதில் தலையை வெளியே விட்டு நின்று அவள் எடுத்துக்கொண்ட போட்டோவைச் சொந்தக்காரர்கள் எல்லோருடைய செல்லிலும் பார்த்தாயிற்று. அவள் விட மாட்டாள், புருஷனைப் பிடுங்கியாவது கறுப்பை வாங்கிவிடுவாள் என்று அவள் ஆசையை நம்பி உட்கார்ந்திருந்தேன். பிறத்தியாள் ஆசையை நம்பி என் பிள்ளையை வைத்திருக்கிறேன் பார். என்னை எதால் அடிக்க.

சரி, கேட்கிறவர் இல்லை, எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இரண்டு வண்டியும் எப்படி என்று. கறுப்பு நல்ல வண்டி. யார் இல்லை என்றது. மிதித்தால் பறக்கும், வளைவில் ஒரு பக்கம் சாயாது, தாராபுரம் ரோட்டில் நூறில் போனாலும் உள்ளே பேசுவது கேட்கும். வெள்ளை அப்படி இல்லை, எண்பதுக்கு மேல் போனால் ஆட்டம், இன்ஜின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாது, ஸ்டியரிங் கனம், மேட்டில் மூச்சு வாங்கும். கடைசி சீட் பேருக்குத்தான், அதில் பெரிய மனுஷர் யாராவது உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும், அதனால் ஒன்றை மடக்கி மிருதுளாவின் சக்கர நாற்காலியை அங்கே போட்டே வைத்திருக்கிறேன். கறுப்பில் டிக்கி இடுப்புக்கு மேலே இருக்கிறது, நாற்காலியை மார்போடு அணைத்துத் தூக்கித்தான் உள்ளே தள்ள வேண்டும், தள்ளினாலும் கடைசி சீட் மடங்கினால்தான் இடம். கறுப்பில் ஏறினால் திரை பேசுகிறது, பெல்ட் போடு என்று கத்துகிறது, மிருதுளா சாய்ந்து உட்கார்வதால் அவள் பெல்ட் போட்டிருந்தாலும் கத்துகிறது, வழி முழுக்கக் கத்துகிறது, அதைக் கேட்டு இவள் கத்துகிறாள். இது எல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். கறுப்பில் நடு சீட் என்று ஒன்று கிடையாது. இரண்டு தனித்தனி நாற்காலி, நடுவே நடந்து போக வழி, இரண்டு பக்கமும் கை வைக்கக் கட்டை. அதற்கு என்னமோ கேப்டன் சீட் என்று பேர். வாங்குகிற அன்றைக்கு இவரும் தனசேகரும் அதில் மாறி மாறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்துக்கொண்டார்கள். ராஜா மாதிரி இருக்குதுண்ணா என்றான் அவன். கேப்டன் எங்கே படுப்பான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மிருதுளாவுக்கு வலிப்பு வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வந்தால் உடனே இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், எச்சில் உள்ளே போகாமல். டாக்டர் முதல் நாளே சொன்னது. வெள்ளையில் நான் ஓட்டிக்கொண்டு போனால் ஓரம் கட்டிவிட்டு முன் சீட் இரண்டுக்கும் நடுவே புகுந்து அப்படியே பின்னால் போய்விடுவேன், இந்த நீள சீட்டில் அவளைச் சாய்த்து முதுகைப் பிடித்துக்கொள்வேன். கறுப்பில் முன் சீட்டுகளுக்கு நடுவே பெட்டி மாதிரி ஒன்று, அதில் குளிர்ந்த தண்ணி வைக்கலாமாம். நான் கதவைத் திறந்து கீழே குதித்து, லாரி வருகிற பக்கமாகச் சுற்றி ஓடி, அந்தக் கதவைத் திறந்து, ஏறி, அதற்குள் என் பிள்ளைக்கு மூச்சு முட்டிவிடும். தண்ணி மட்டும் குளிர்ச்சியாக இருக்கும்.

கற்பனை இல்லை, நடந்தது. கறுப்பு வந்த மாசம், வித்யாவின் தம்பி நிச்சயதார்த்தத்துக்கு எல்லோரும் அதில்தான் போனோம், புது வண்டி இருக்கும்போது பழசு எதற்கு என்று. பல்லடம் தாண்டவில்லை. மிருதுளாவின் கண் மேலே செருகியது, எனக்குத் தெரிந்துவிட்டது, வண்டிய நிறுத்துங்க என்று கத்தினேன். அவளைச் சாய்க்க இடமில்லை. நாற்காலியை எப்படிச் சாய்ப்பது என்று பட்டனைத் தேடினேன், எந்தப் பட்டனை அமுக்கினேனோ சீட் முன்னால்தான் போனது. அவளை அப்படியே இழுத்து அந்த நடக்கிற வழியில் கிடத்தினேன், அரை ஆள்தான் அதில் கொள்ளும், கால் கட்டையில் இடித்துக்கொண்டு உதறுகிறது, நான் முழங்கால் போட்டுத் தலையைக் கையில் ஏந்திக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து வித்யா, "அக்கா, சேலை மாட்டுது, சேலை மாட்டுது" என்கிறாள், அவளுக்குப் பயத்தில் வேறு எதுவும் வரவில்லை. தனசேகர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "இரும்பு குடுங்க, கையில இரும்பு குடுங்க" என்று அலறினான். இரும்பு வேண்டாம், ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை எத்தனை தடவை இந்த வீட்டில் சொல்லியிருப்பேன். அவசரத்தில் அவன் கையில் கிடைத்தது வண்டிச் சாவி. அதைக் கொண்டுவந்து அவள் கைக்குள் திணித்தான். அது இரும்பும் இல்லை, பிளாஸ்டிக், மேலே பட்டன். இன்ஜின் நிறுத்தியாகிவிட்டது, அவள் கை இறுகுகிறது, பட்டன் அமுங்குகிறது, வண்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. நாலு விளக்கும் மின்னி மின்னி, பாம் பாம் பாம் என்று, ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கிறார்கள், என் பிள்ளையின் விரலைப் பிரிக்க முடியவில்லை, பிரிக்கவும் கூடாது. ஹாரன் நின்று வெகுநேரம் வரைக்கும் என் காதில் அது அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தனசேகர் தழுதழுத்த குரலில், "சாவி குடுத்ததும் நின்னுருச்சு பாத்தீங்களா" என்றான். நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவன் நல்லவன் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன், நல்லவனாக இருந்து என்ன, பதினைந்து வருஷத்தில் ஒரு தடவை அவளைத் தூக்கியிருக்கிறானா. வாசலில் வந்து கன்னத்தைக் கிள்ளி, சாக்லேட்டைக் காட்டி, பாப்பா சித்தப்பாவைப் பாரு என்பான். அவளும் அவனைக் கண்டால் போதும், உடம்பு முழுக்கச் சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது எதற்கு டிராக்டர் வருகிறது. களத்து ஆள் அதைக் கொட்டகையிலிருந்து எடுத்து வருகிறான், இவர் கையைக் காட்டி வா வா என்கிறார், இந்தப் பக்கம் இந்தப் பக்கம். வெள்ளை வண்டிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொல்கிறார். டிரைலரோடு. அதிர்வு கூடினதும் மிருதுளா பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புது வண்டியையும் பழைய வண்டியையும் எதிரும் புதிருமாக வைத்தால் பங்கு சமமாக இல்லையாம். நியாயஸ்தர். பழசோடு டிராக்டரையும் சேர்த்து வைக்கிறார், தட்டு சமமாகட்டும் என்று. ஐயோ மனுஷா. தம்பிக்கு டிராக்டர் இல்லாமல் களம் ஓடாது என்று உங்களுக்குத் தெரியாதா, அவன் பக்கம் வந்த தோப்பு ரோட்டுக்கு உள்ளே இருக்கிறது, தேங்காயை அவன் தலையிலா சுமப்பான். எது நமக்கு வேண்டுமோ அதற்கு நீங்களே நகை போட்டுப் பூ வைத்து அவன் முன்னால் நிறுத்துகிறீர்களே. யாரும் உங்களைக் கேட்கவில்லை. மாமாகூடக் கேட்டிருக்க மாட்டார். அண்ணன் பங்கைச் சமமாக வைக்கவில்லை என்று நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்களோ, அந்தப் பயம். யார் சொல்வார்கள், எந்த வாய், அந்த வாய்க்கு முன்னால் என் பிள்ளையின் வாயில் நுரை தள்ளினால் பரவாயில்லையா. இந்த வீட்டில் எல்லோருக்கும் நல்ல பேர் வேண்டும். கேட்காமல் இருப்பது ஒரு கௌரவம், விட்டுக்கொடுப்பது ஒரு கௌரவம், விட்டுக்கொடுத்ததை வாங்காமல் இருப்பது அதைவிடப் பெரிய கௌரவம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், மாமியார் இருந்தவரைக்கும் ஒரு டம்ளர் மோர் வேண்டும் என்றுகூடக் கேட்காமல், கொண்டு வந்து கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி, ரெண்டாம் தடவை சொன்ன பிறகு குடிப்பார்கள். மோருக்குச் சரி. எனக்கு ரெண்டாம் தடவை கிடையாது. கண்ணாடியை நாலு விரல் இறக்கினேன். வெக்கை உள்ளே அடித்தது. "தம்பி, நீ எடுத்துக்க" என்று இவர் குரல், வழுவழுவென்று, சாமி கும்பிடுகிற குரல். மாமா தொண்டையைக் கனைக்கிறார். உள்ளே வாசற்படியில் வித்யா டீத் தட்டோடு நிற்கிறாள், கறுப்பையே பார்க்கிறாள். சொல் வித்யா. இப்போது சொல். சன்ரூஃப் வித்யா, சன்ரூஃப். அவள் சொல்லவில்லை, அவளுக்கும் இங்கே வாய் கிடையாது. எனக்கு அவள்மேலும் கோபம் வருகிறது, வரக் கூடாது, வருகிறது. தனசேகர் செல்லைச் சட்டைப் பையில் போட்டான். டிராக்டரைப் பார்த்தான். பிறகு என் பக்கம், மிருதுளா படுத்திருக்கிற பக்கம் பார்த்துச் சிரித்தான், அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "நான் வெள்ளையவே எடுத்துக்கறண்ணா. புதுசு உங்களுக்கு இருக்கட்டும். பாப்பா சொகுசாப் போகட்டும்." மாமா, "இதுதாண்டா பொறப்பு" என்று அவன் முதுகைத் தட்டினார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர், துண்டின் நுனியால், ஆனந்தமாக. பாப்பா சொகுசாகப் போகட்டுமாம். பாப்பாவை அந்த ராஜா நாற்காலியில் வைத்துக் கட்டி, அவள் நீலம் பாரித்துப் போகிறதை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டுமாம். இவ்வளவு அன்பையும் வைத்துக்கொண்டு இவர்கள் என் பிள்ளையைக் கொன்றுவிடுவார்கள். கொன்றுவிட்டு மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். அந்த அழுகையும் நன்றாகத்தான் இருக்கும், ஊர் மெச்சும். மிருதுளாவின் நெற்றியிலிருந்து கையை எடுத்துவிட்டேன், என் கோபம் அவளுக்குத் தெரியக் கூடாது. கதவைத் திறக்காமல் இப்படியே பூட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன. எங்கே போவேன். பின்னால் டிராக்டர் மறித்து நிற்கிறது.

அவன் வந்து கதவைத் திறந்தான். இந்தக் கதவு நன்றாக விரியத் திறக்கும், அதனால் வெயில் மொத்தமாக உள்ளே விழுந்தது. "அண்ணி, எறங்கிக்கறீங்களா. சாவி மாத்திக்கலாம், மாமா நல்ல நேரம் போகுதுங்கறாரு." நான் மிருதுளாவின் தலையை மடியிலிருந்து சீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன். இறங்கி, கதவை விட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். அவன் என்னைப் பார்த்தான், நான் குனிந்து பிள்ளையைத் தூக்குவேன் என்று வழி விட்டு நின்றான். நான் குனியவில்லை. "தூக்குங்க தம்பி" என்றேன். "நானுங்களா?" "நீங்கதான். உங்க வண்டியில படுத்திருக்கா. தூக்கிட்டுப் போயி எங்க வண்டியில உக்கார வெச்சுக் குடுங்க." இவர் வேகமாக வந்தார், "நவமணி, என்ன இது, மாமா முன்னாடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு. "மாமா பாக்கட்டும். பாக்கத்தானே வந்திருக்கறாரு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, களம் முழுக்கக் கேட்டது. தனசேகர் நல்லவன், மறுக்கத் தெரியாதவன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே குனிந்தான். ஒரு கையை முதுகுக்குக் கீழும் இன்னொரு கையை முழங்காலுக்குக் கீழும் கொடுத்தான். கழுத்துக்குக் கை கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, தலை பின்னால் தொங்கினதும் அவனே பதறி முழங்கையை நகர்த்தினான். மிருதுளாவுக்கு ஒரே சந்தோஷம். சித்தப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், சிரித்தால் அவளுக்கு உடம்பு விறைக்கும், விறைத்தால் கனம் கூடும். அவன் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்தான். பாதம் சுட்டிருக்கும். கறுப்பு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான், கதவைத் திறக்கக் கை இல்லை. யாரும் நகரவில்லை. நான்தான் போய்த் திறந்துவிட்டேன்.

படி தானாக வெளியே வந்தது, அழகாக, சத்தமில்லாமல். அவன் அதில் ஒரு காலை வைத்தான், மேலே ஏற முடியவில்லை, இறக்கினான். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான், அவள் கால் கதவில் இடித்தது. மறுபடி காலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் ஓரத்தில் தன் தோளை இடித்துக்கொண்டு எப்படியோ அவளை அந்த நாற்காலியில் சேர்த்தான். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. அவள் உடனே நடு வழி இருக்கிற பக்கம் சரிய ஆரம்பித்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பெல்ட்டை இழுக்க ஒரு கையை எடுத்தான், அவள் கட்டையின்மேல் சாய்ந்தாள், மறுபடி பிடித்துக்கொண்டான். "அண்ணி, கொஞ்சம் புடிங்க." நான் பிடிக்கவில்லை. "கைய எடுத்தா உழுந்துருவா அண்ணி." "ஆமாங்க தம்பி" என்றேன், "இப்ப அவளுக்கு வலிப்பு வந்துருச்சுன்னு வெச்சுக்குங்க. நீங்கதான் வண்டிய ஓட்டறீங்க, வேற ஆள் இல்ல. எங்க படுக்க வெப்பீங்க, சொல்லுங்க." அவன் அந்த இரண்டு நாற்காலிக்கும் நடுவே இருக்கிற இடத்தைப் பார்த்தான். பல்லடம் ரோடு அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. மாமா எங்களுக்குப் பின்னால் வந்து நின்று, "ஏண்டா லோகநாதா, இதச் சொல்லியிருக்கலாமேடா" என்றார். இவர் தரையைப் பார்த்தபடி, "எப்படிங்க மாமா கேக்கறது" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அடக்க முடியாமல் வந்தது. "வாயில கேக்கறது" என்றேன். "இப்ப நான் கேக்கறனே, இப்படித்தான். தம்பி, எனக்கு வெள்ளை வண்டி வேணும். குடுங்க. குடுக்க முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, அதுக்கும் நீங்க நல்லவரு மாதிரி எதையாச்சும் பேசி என்னைக் கொன்னு போடாதீங்க." வாசற்படியில் டீத் தட்டு கிணுகிணுவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. தனசேகர் மிருதுளாவைப் பிடித்த கையை எடுக்காமல் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினான். "எடுத்துக்குங்க அண்ணி." கொஞ்சம் பொறுத்து, அவனால் முடியாமல், "டிராக்டருங்?" என்றான். "அத நீங்களே வெச்சுக்குங்க. அது எனக்கெதுக்கு" என்றேன்.

வித்யா அங்கிருந்தே மூச்சு விட்டது தெரிந்தது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இவர் என் பக்கத்தில் வந்து, "நவமணி" என்று மெதுவாகக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. திரும்பினால் சமாதானமாகிவிடுவேன், சமாதானமாக எனக்கு இஷ்டமில்லை, இன்றைக்கு இல்லை, நாளைக்கும் இல்லை. கிடைத்துவிட்டது, இருந்தும் கோபம் தீரவில்லை, இத்தனை சுலபமாகக் கிடைக்கிறதை ஏன் இத்தனை நாள் இவர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்க விடாமல் வைத்திருந்தார்கள் என்று. தனசேகர் அவளை என்னிடம் கொடுப்பதற்காகக் கையைப் பாதி நீட்டினான். நான் கையைக் கட்டிக்கொண்டேன். "கொண்டு போயி அங்கயே படுக்க வெச்சுருங்க" என்றேன். அவன் மறுபடி அவளை அள்ளினான், இந்தத் தடவை கழுத்துக்குக் கை தானாகப் போனது. இவர் ஓடிப்போய்க் கால் பக்கம் தாங்கிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமாகக் களத்தைக் கடந்தார்கள், மிருதுளா நடுவில் வானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு. பாதி வழியில் தனசேகர் நின்றுவிட்டான், மூச்சு இரைத்தது, முழங்காலால் அவளுக்கு முட்டுக் கொடுத்தான். "அண்ணி" என்றான், "இத்தன கனத்தையா தெனமும் நீங்க தூக்கறீங்க?" பதில் சொன்னால் அழுதுவிடுவேன். "தலையப் புடிங்க தம்பி, தொங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.